மூணு கொம்பு ரூட்டரில் முந்நூறு ஏன் வரவில்லை?

கேள்வி இது. மதுரை செல்லூரில் கீழே டிடிபி கடை, மேலே இரண்டு மாடி வீடு. 300 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன். செகண்ட் ஹேண்டில் மூணு ஆண்டெனா ரூட்டர் ஒன்றை வாங்கி, கம்பெனி மென்பொருளை எடுத்துவிட்டு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ஓப்பன் சோர்ஸ் ரூட்டர் மென்பொருளை ஏற்றியிருக்கிறார் தம்பி. பெட்டியில் ஏசி1750 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. உள்ளே க்யூசிஏ9558 பிராசஸர், 5 கிகாஹெர்ட்ஸுக்கு க்யூசிஏ9880 சிப். ரூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டால் லினக்ஸ் லேப்டாப்பில் 210, போனில் 190. இரண்டாம் மாடியில் 30. கம்பெனி மென்பொருள் இருந்தபோது கீழே 280 வரை வந்ததாம். "ஓப்பன் சோர்ஸ் டிரைவர் மட்டமா அண்ணே? நாலு கொம்பு ரூட்டர் வாங்கினால் சரியாகிவிடுமா?" என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம் தம்பி. கீழே வருகிற 210-க்கு ஒரு காரணம், மாடியில் வருகிற 30-க்கு வேறு காரணம். இரண்டிலுமே கொம்பின் எண்ணிக்கைக்கு வேலை இல்லை. வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

முதலில் அந்த 1750-ஐ உடைப்போம். 5 கிகாஹெர்ட்ஸில் 1300, 2.4-ல் 450, இரண்டையும் கூட்டி எழுதியிருக்கிறார்கள். எந்த ஒரு கருவியும் இரண்டு பட்டையிலும் ஒரே நேரத்தில் உங்கள் ரூட்டரோடு பேசப்போவதில்லை. ஆகவே இந்தக் கூட்டல் பெட்டிக்கு அழகு, அவ்வளவுதான். 1300 என்பது எப்படி வருகிறது? 802.11ஏசி-யில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் ஒரு ஸ்ட்ரீமுக்கு, அதாவது ஒரே நேரத்தில் தனியாக ஓடும் ஒரு தரவு ஓடைக்கு, அதிகபட்சம் 433. மூணு ஸ்ட்ரீம் என்றால் 1300. ஆனால் அத்தனை ஸ்ட்ரீமும் ஓட வேண்டுமானால் எதிர்முனையிலும் மூணு ஆண்டெனாவும், அதற்கேற்ற ரேடியோவும் இருக்க வேண்டும். குறைந்த விலை போன்களில் பெரும்பாலும் ஒன்றுதான். லேப்டாப்களில் வழக்கமாக இரண்டு. மூணு ஸ்ட்ரீம் லேப்டாப் என்பது அபூர்வம்.

அப்படியானால் உங்கள் போனுக்கும் ரூட்டருக்கும் இடையில் உச்சம் 433, லேப்டாப்புக்கு 866. இதுவும் காற்றில் பிட் ஓடுகிற வேகம்தான், ஃபைல் இறங்குகிற வேகம் இல்லை. வைஃபையில் ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் மூடியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை பேசுவதற்கு முன்னும் காத்திருப்பு, பேசி முடித்ததும் "வந்து சேர்ந்தது" என்ற ஒப்புகை. இதெல்லாம் போக, நல்ல சூழலில் பாதிக்குச் சற்று மேல், அதிகம் போனால் மூணில் இரண்டு பங்கு கையில் நிற்கும். போனில் 220-லிருந்து 270, லேப்டாப்பில் 500 பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் உங்கள் கணக்கு இடிக்கிறது. போனில் 190 வருவதை எப்படியாவது நியாயப்படுத்தலாம். ஆனால் இரண்டு ஸ்ட்ரீம் லேப்டாப், பக்கத்திலேயே இருந்துகொண்டு 210-ல் நிற்கக் கூடாது. இரண்டு ஸ்ட்ரீமும் ஒரு ஸ்ட்ரீமும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் போய் முட்டுகின்றன என்றால் முட்டுகிற சுவர் காற்றில் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது.

க்யூசிஏ9558 என்பது 720 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே ஒரு மிப்ஸ் கோர். ஃபைபர் பக்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் (தரவின் சிறு துண்டு) அது பிரித்து, முகவரி மாற்றி, ஃபயர்வால் விதிகளில் ஓட்டி, வைஃபை டிரைவரிடம் கொடுக்க வேண்டும். லைன் பிபிபிஓஇ (ஒவ்வொரு பாக்கெட்டையும் ஓர் உறைக்குள் போட்டு அனுப்பும் முறை) என்றால் அந்த உறையைப் பிரிக்கும் வேலை கூடுதல். கம்பெனி மென்பொருளில் இதற்கென்று ஒரு குறுக்குவழி இருக்கும்: ஓர் இணைப்பின் முதல் சில பாக்கெட்டை மட்டும் சோதித்துவிட்டு, மீதியை விசாரிக்காமல் தள்ளிவிடும். ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றினால் அந்தக் குறுக்குவழி போய்விடுகிறது. உங்கள் 280 அங்கேதான் தொலைந்தது.

ஊகம் வேண்டாம், பார்த்துவிடலாம். ரூட்டருக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) வழியாக நுழைந்து, பிராசஸரின் பளுவைக் காட்டும் டாப் கட்டளையை ஓடவிட்டு, லேப்டாப்பில் ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். எஸ்ஐஆர்க்யூ என்ற இடத்தில் 90-க்கு மேல் ஏறி, ஐடில் பூஜ்யத்துக்கு வந்தால் பிராசஸர் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். அடுத்து, கடையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரை லான் போர்ட்டில் வயர் போட்டுச் செருகி, அதில் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் நிரலை சர்வராக ஓடவிட்டு, லேப்டாப்பிலிருந்து வைஃபையில் அளந்து பாருங்கள். இந்தப் பாதையில் முகவரி மாற்றும் வேலை இல்லை. இங்கே 210 என்பது கணிசமாக ஏறினால் வைஃபை டிரைவர் நிரபராதி. ஒரு எச்சரிக்கை: ஐபெர்ஃப்3-ஐ ரூட்டருக்குள்ளேயே ஓடவிட்டு அளக்காதீர்கள். இருக்கும் ஒரே கோர் பாக்கெட்டைத் தயாரிக்கவும் வேண்டும், அனுப்பவும் வேண்டும் என்றால் எண் பாதாளத்துக்குப் போகும். அப்படி அளந்துவிட்டு "டிரைவர் குப்பை" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானே சொல்லியிருக்கிறேன்.

பிராசஸர்தான் என்று தெரிந்துவிட்டால், ரூட்டரின் அமைப்புத் திரையில் ஃபயர்வால் பக்கத்தில் மென்பொருள் ஃப்ளோ ஆஃப்லோடிங் என்று ஒரு டிக் இருக்கிறது. போடுங்கள். கம்பெனி குறுக்குவழிக்கு இது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பதில். அதற்குக் கீழே வன்பொருள் ஆஃப்லோடிங் என்று இன்னொன்று இருக்கும். அது எம்டி7621 போன்ற மீடியாடெக் சிப்களுக்கானது, உங்கள் பெட்டிக்கு உதவாது. ஆஃப்லோடிங் போட்டால் நெரிசலில் பாக்கெட்டுகளை வரிசைப்படுத்தும் எஸ்க்யூஎம் என்ற வசதியோடு அது சரியாக ஒத்துப்போகாது. இரண்டில் ஒன்றைத்தான் நம்ப முடியும்.

சரி, டிரைவர் விஷயம். இது கொஞ்சம் நின்று பேச வேண்டியது.

ஓப்பன் சோர்ஸ் டிரைவர் என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, சிப்புக்குச் சிப் கதை வேறு. பழைய 802.11என் காலத்து ஏதெரோஸ் பிசிஐ சிப்களுக்கான ஏத்9கே டிரைவரில் எல்லாமே வெளிச்சத்தில் இருந்தது. சிப்புக்குள் ஏற்ற வேண்டிய மூடிய ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) கிடையாது. எந்தப் பாக்கெட்டை எத்தனை ஸ்ட்ரீமில், எந்த வேகத்தில் அனுப்புவது என்பதைக் கர்னலுக்குள் இருக்கும் மின்ஸ்ட்ரெல் என்ற பகுதி தீர்மானிக்கும். அனுப்பிப் பார்த்து, தவறினால் இறக்கி, நன்றாகப் போனால் ஏற்றி, தானே கற்றுக்கொள்ளும். குறை இருந்தால் யாரும் திறந்து பார்த்துத் திருத்தலாம், திருத்தினார்கள்.

உங்கள் க்யூசிஏ9880 அடுத்த தலைமுறை. அதற்கான ஏத்10கே டிரைவர் கர்னலில் இருக்கிறது, திறந்ததுதான். ஆனால் வேகத்தைத் தீர்மானிக்கும் மூளை சிப்புக்குள் ஓடும் மூடிய ஃபர்ம்வேரில் இருக்கிறது. டிரைவர் வெளியே நின்று பேச்சுவார்த்தை நடத்துகிறது, அவ்வளவுதான். மூணு ஸ்ட்ரீம் ஏன் இரண்டாக இறங்கியது என்று கேட்டால், ஃபர்ம்வேர் சொன்னால் உண்டு. இதில் கேண்டலா டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் திருத்தி வெளியிட்ட சிடி வகை என்று ஒன்று உண்டு. ஓப்பன்டபிள்யூஆர்டியில் பல கருவிகளுக்கு அதுவே இயல்பாக வருகிறது. சாதாரண வகையையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் பெட்டியில் ஒன்று தொங்குகிறது என்றால் மற்றதைப் போட்டுப் பாருங்கள். எது உயர்ந்தது என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் அது கருவிக்குக் கருவி மாறுகிறது. போடும்போது டிரைவரையும் ஃபர்ம்வேரையும் ஒரே வகையில் ஜோடியாக மாற்ற வேண்டும். பாதி மாற்றினால் ரேடியோ எழுந்திருக்காமல் போகலாம்.

மீடியாடெக் சிப்களுக்கு எம்டி76 டிரைவர். ஓப்பன்டபிள்யூஆர்டியின் முக்கிய நிரலாளர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் ஃபீட்காவ் முன்னின்று எழுதியது. இன்றைக்கு யாராவது என்னிடம் புதிதாக வாங்கக் கேட்டால் இந்த டிரைவர் ஓடும் பெட்டியைத்தான் சொல்கிறேன். பிராட்காம் சிப் இருந்தால் தொட வேண்டாம் என்பேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓப்பன்டபிள்யூஆர்டி 2004-ல் பிறந்ததே லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற பிராட்காம் ரூட்டருக்காகத்தான். பிறந்த வீட்டிலேயே இப்போது இடமில்லை. மார்வெல் சிப் போட்ட ரூட்டர்களும் ஒரு காலத்தில் ஓப்பன் சோர்ஸ் பிரியர்களுக்கென்றே விற்கப்பட்டன. அந்த டிரைவரை வளர்க்கும் வேலை நின்றுபோனது. அந்த வைஃபை தொழிலையே 2019-ல் என்எக்ஸ்பி வாங்கிவிட்டது. வன்பொருள் இன்னும் கிண்ணென்று இருக்கிறது, கவனிக்கத்தான் ஆள் இல்லை.

கம்பெனி டிரைவரைவிட ஓப்பன் சோர்ஸ் டிரைவர் உச்ச வேகத்தில் சில சமயம் பின்தங்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மாதிரி இடத்தில் வேறொன்று முக்கியம். கீழே கடையில் நாலு பேர், மேலே அம்மாவின் பழைய போன். அந்தப் போன் இரண்டு தளம் தாண்டி ஆமை வேகத்தில் பேசுகிறது. பழைய முறையில் ஆளுக்கு ஒரு பாக்கெட் என்று முறை வைத்துக் கொடுப்பார்கள். ஆமையின் ஒரு பாக்கெட் முடிய ஆகும் நேரத்தில் உங்கள் லேப்டாப் இருபது பாக்கெட் அனுப்பியிருக்கும். ஆக மொத்த வீடும் ஆமையாகிவிடும். 2017 வாக்கில் டோக்கே ஹொய்லண்ட்-யோர்கன்சனும் கூட்டாளிகளும் இதை ஏத்9கே-யில் முதலில் சரிசெய்தார்கள். பாக்கெட்டை எண்ணாமல் காற்றில் எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சமமாகப் பங்கிட்டார்கள், வரிசையையும் குட்டையாக வைத்தார்கள். பிறகு ஏத்10கே-க்கும் எம்டி76-க்கும் அது வந்தது. ஸ்பீடு டெஸ்ட் எண்ணில் இது தெரியாது. ஒருவர் பெரிய ஃபைல் இறக்கும்போது இன்னொருவரின் வீடியோ கால் திக்காமல் போகிறதா என்று பாருங்கள், அங்கே தெரியும்.

இப்போது மாடிக்கு வருவோம். 30 என்றீர்கள். அங்கே போன் 2.4-க்கு மாறியிருக்கும், பந்தயம் கட்டலாம். அந்தப் பட்டையில் 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் ஒரு ஸ்ட்ரீமுக்கு உச்சம் 72. பாதி என்றால் 36. நடுவில் இரண்டு கான்கிரீட் தளம், சுவரோடு சுவர் ஒட்டிய பக்கத்து வீடுகளின் ரூட்டர்கள் என்று கணக்குப் பார்த்தால் 30 என்பது குறைவே இல்லை, நியாயமான மதிப்பெண். பெட்டியில் போட்ட 450, 40 மெகாஹெர்ட்ஸில் மூணு ஸ்ட்ரீமுக்கான கணக்கு. செல்லூர் சந்தில் 2.4-ல் 40 மெகாஹெர்ட்ஸ் கிடைக்காது. அக்கம்பக்கம் ஆள் இருப்பதைப் பார்த்து ஓப்பன்டபிள்யூஆர்டி தானாக 20-க்கு இறங்கிவிடும். அதை மீறி 40-ஐ வலுக்கட்டாயமாகப் போட ஒரு வழி உண்டு. போடாதீர்கள். தெருவைக் கெடுத்து நீங்களும் கெடுவீர்கள்.

கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தை 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்று தாண்டும், இரண்டு தாண்டத் திணறும். ஆறு கொம்பு வைத்தாலும் அதே தளம்தான். இதற்கு வைத்தியம் ஒன்றே ஒன்று: மாடிப்படி ஓரமாக ஒரு கேட்6 வயர் இழுத்து, மேலே இன்னொரு பெட்டியை வெறும் ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது வயரில் வருவதை வைஃபையில் கொடுக்கும் பெட்டியாக, வைப்பது. டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை), ஃபயர்வால் எல்லாவற்றையும் அதில் அணைத்துவிடுங்கள். இரண்டு ஸ்ட்ரீம் பழைய பெட்டி போதும். அதற்கு நேட் என்ற முகவரி மாற்றும் வேலை இல்லாததால் இளைத்த பிராசஸரும் தாங்கும். சேனல் மட்டும் வேறு வேறாக இருக்கட்டும்: கீழே 36, மேலே 149. இந்தியாவில் 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள், இடத்துக்குப் பஞ்சமில்லை. நாட்டுக் குறியீட்டை ஐஎன் என்று வைத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள். காலியாக விட்டால் பாதிச் சேனல் கண்ணிலேயே படாது.

அப்படியானால் மூணாவது கொம்பு வீணா? வீண் இல்லை. போன் பேசும் சன்னக் குரலை மூணு காதால் கேட்டுச் சேர்த்தால் ஒற்றைக் காதைவிட ஏறத்தாழ 5 டெசிபெல் கூடுதலாகக் கேட்கும். ஓரத்து அறையில் இணைப்பு அறுந்துபோகாமல் நிற்பதற்கு அதுதான் காரணம். வேகத்தைக் கூட்டுவதைவிட விளிம்பைத் தாங்குவதில்தான் அதன் உதவி அதிகம்.

செகண்ட் ஹேண்ட் என்பதால் ஒரு சோதனை அவசியம். ரூட்டரில் ஐடபிள்யூ கட்டளையில் ஸ்டேஷன் டம்ப் எடுத்தால், ஒவ்வொரு கருவிக்கும் சிக்னல் வரியில் அடைப்புக்குறிக்குள் மூணு எண் தெரியும், ஆண்டெனாவுக்கு ஒன்று. -52, -54, -53 என்று பக்கம் பக்கமாக இருந்தால் நலம். -52, -54, -76 என்று ஒன்று மட்டும் பள்ளத்தில் கிடந்தால், உள்ளே ஆண்டெனா வயர் கழன்றிருக்கிறது அல்லது எவரோ பிரித்துவிட்டுச் சரியாக அழுத்தவில்லை. சிம்மக்கல் பக்கம் ஒரு லாட்ஜில் "மூணாம் மாடியில் நெட் வரவில்லை" என்று ஒரு மாதம் மென்பொருளையே மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, கடைசியில் பெட்டியைத் திறந்தால் கடுகளவு கனெக்டர் ஒன்று அந்தரத்தில் தொங்கியது. அந்த மாதத்துக்கு நான் காசு வாங்கவில்லை.

லேப்டாப் பக்கம் அதே ஐடபிள்யூ-வில் லிங்க் பார்த்தால் இப்போதைய வேகம், சேனல் அகலம், என்எஸ்எஸ் என்ற ஸ்ட்ரீம் எண்ணிக்கை மூணும் ஒரே வரியில் வரும். என்எஸ்எஸ் 2, 80 மெகாஹெர்ட்ஸ், 866 என்று இருந்தால் காற்றில் குறையில்லை. அகலம் 20 என்று இருந்தால் அமைப்பில் தவறு.

ஆண்டெனாக்களை மூணு வேல் மாதிரி நேராக நிறுத்தாமல், ஒன்றை நேராகவும் மற்றவற்றை ஆளுக்கொரு பக்கம் சாய்த்தும் வையுங்கள். ஸ்ட்ரீம்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிய, அவை வெவ்வேறு வழியில் வந்து சேர வேண்டும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி பழைய ரேடியோவுக்குத் தொல்லை, இதற்கு அதுவே மூலதனம். ஒரே சேனலில் பல ஸ்ட்ரீமை அனுப்பும் இந்த யோசனைக்கு அமெரிக்காவில் 1994-ல் காப்புரிமை பெற்றவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், தாமஸ் கைலாத்தோடு சேர்ந்து. இந்தியக் கடற்படையில் சோனார் செய்துகொண்டிருந்தவர், பிறகு ஸ்டான்ஃபோர்டு போனார். நீருக்கடியில் ஒலியைப் பிரித்துக் கேட்டவருக்குக் காற்றில் அலையைப் பிரிப்பது தோன்றியதில் ஆச்சரியமில்லை.

எதிரொலியே இல்லாத இடமும் உண்டு. ஒத்தக்கடைக்கு வெளியே ஒரு தோட்டத்து மோட்டார் அறைக்கு, வயலுக்குக் குறுக்கே வெட்டவெளியில் லிங்க் போட்டுக் கொடுத்தேன். நேர்ப் பார்வை, நடுவில் தென்னைகூட இல்லை. அங்கே இரண்டு ஆண்டெனாவையும் நிமிர்த்தி வைத்தால் இரண்டு ஸ்ட்ரீமும் ஒன்றாகக் குழம்பிவிடும். ஒன்றை நிமிர்த்தி, ஒன்றைப் படுக்கவைத்த துருவ அமைப்புள்ள டிஷ்தான் வேலை செய்யும். பழைய ஏத்9கே பெட்டிகள் இரண்டு, 40 மெகாஹெர்ட்ஸ், இரண்டு ஸ்ட்ரீம், 300 லிங்க். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் மேல் வெந்துகொண்டு இன்னும் ஓடுகிறது.

யூஎஸ்பி டாங்கிள் போடலாமா என்றும் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். பெட்டியில் 1200 என்று இருந்தாலும் யூஎஸ்பி 2.0 துளையில் செருகினால் 300 பக்கம் தாண்டாது. டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கும் சிப்பாகப் பாருங்கள். எம்டி7612யு அப்படிப்பட்டது, 4.19 கர்னலிலிருந்து இருக்கிறது. தனியாக இறக்கி கம்பைல் செய்யச் சொல்கிற டாங்கிள் ஒன்றை நான் ஒரு டியூஷன் சென்டரில் மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த கர்னல் அப்டேட்டில் அது கண் மூடியது, மாதிரித் தேர்வு நாளன்று.

என்றாவது பெட்டியை மாற்றுவதாக இருந்தால், ஃபிலாஜிக் என்ற பெயரில் வரும் மீடியாடெக் எம்டி7981 அல்லது எம்டி7986 உள்ளதாகப் பாருங்கள். வைஃபை 6, எம்டி76 டிரைவர், 300 என்ன, கிகாபிட் லைனையும் நேட் செய்யும். ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டமே 2024-ல் வெளியிட்ட ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் பெட்டியிலும் எம்டி7981 குடும்பம்தான். கடையில் கொம்பை எண்ணாமல் சிப் பெயரையும், பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் வன்பொருள் வெர்ஷன் எண்ணையும் கேளுங்கள். ஒரே மாடல் பெயரில் வி1-ல் ஒரு சிப், வி2-ல் வேறு சிப் என்று வருவது சாதாரணம். கடைக்காரர் முகம் சுளித்தால் அட்டைப்பெட்டியைப் புரட்டி நீங்களே பாருங்கள்.

இன்றைக்கு ஆஃப்லோடிங்கைப் போட்டுவிட்டு, அந்த டாப் கட்டளையின் எஸ்ஐஆர்க்யூ எண்ணையும், ஸ்டேஷன் டம்ப்பின் மூணு சிக்னல் எண்ணையும் எழுதி அனுப்புங்கள் தம்பி. மேலே வயர் இழுக்க ஆள் வேண்டுமானாலும் சொல்லுங்கள், உங்கள் பக்கத்துத் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார்.